கையைத் தூக்கு, அண்ணே

அத்தியாயம் 14

தொப்பி அங்கேயேதான் இருந்தது.

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், ஜாக்கிக்கும் சங்கிலிக்கும் நடுவில் இருந்தது. நேற்று சாயங்காலம் பஸ்ஸைக் கூட்டும்போதுதான் நெலிதா அதைப் பார்த்தாள். அப்போது சாக்கில் சுற்றியிருந்தது. விடிவதற்குள் இல்லாமல் போய்விடும் என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தாள். காலையில் குனிந்து பார்த்தபோது சாக்கு அவிழ்ந்து கிடந்தது. தோலுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான் செவெரோ. தாடைக்கு அடியில் கட்டும் நாடா புதிது.

கெட்டியான மாட்டுத்தோல். பழைய காலத்துச் சிப்பாய்களின் இரும்புத் தொப்பி போல வளைந்த விளிம்பு. இடது காதுக்கு மேலே ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளம் போன வருஷம் மே மாதம், தோரகாசா ஊர்ச் சதுக்கத்தில், சிலுவைத் திருவிழாச் சண்டையில் விழுந்தது. அடித்தவன் நெலிதாவின் அண்ணன் சிப்ரியான். தொப்பிக்குள் இருந்தது செவெரோவின் தம்பி இசித்ரோவின் தலை. விழுந்த இடத்தில் ஒரு படிக்கல் இருந்தது. மூன்றாம் நாள் இசித்ரோ போய்விட்டான்.

திருவிழா அடிக்கு யாரும் போலீசுக்குப் போவதில்லை. ரத்தம் மண்ணுக்குப் போயிற்று, உருளைக்கிழங்கு நன்றாக விளையும் என்பார்கள். செவெரோவும் போகவில்லை. தம்பியைப் புதைத்துவிட்டு வந்து பஸ்ஸைக் கழுவினான். அன்றிலிருந்து மனைவி நெலிதாவிடம் அவன் பேசியதெல்லாம் டயர், டீசல், எத்தனை மணிக்குக் கிளம்புவது.

தோரகாசாவைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு. வருஷம் முழுக்க ஒரே சந்தையில் விற்பார்கள், வாங்குவார்கள். பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள். மே மாதம் மூன்று நாள் மட்டும் வெறுங்கையால் அடித்துக்கொள்வார்கள். நெலிதா மேல்பாதியில் பிறந்தவள். கீழ்பாதியில் வாழ்க்கைப்பட்டவள்.

செவெரோ கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினான்.

"இது என்ன?" என்றாள்.

"பார்த்தா தெரியல? தொப்பி."

"யாருக்கு?"

"தலை இருக்கறவனுக்கு."

"செவெரோ, பன்னெண்டு பேரை லீமாவுல இருந்து கூட்டிட்டு வந்திருக்கோம். இன்னும் ஆறு நாள் இருக்கு. நீ கையை ஒடைச்சுக்கிட்டா பஸ்ஸை யாரு ஓட்டறது?"

"பத்து மணிக்கு சதுக்கத்துல இறக்கி விடறேன். நாலு மணிக்கு ஏத்திக்கறேன். நடுவுல பஸ்ஸு சும்மாதான் நிக்கும். கூடவே நானும் நிக்கணும்னு உன் கம்பெனி கடுதாசியில எழுதியிருக்கா?"

"எங்க அண்ணனை விட்டுடு."

அவன் சாவியைத் திருகினான். எஞ்சின் குளிரில் இருமியது.

"உன் ஆளுங்களை நீ பாரு. மாடியில பத்திரமா உக்கார வை. என் ஆளை நான் பாத்துக்கறேன்."

அதற்குள் பயணிகள் பெட்டிகளோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். நெலிதா மஞ்சள் கொடியை எடுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வாசலில் நின்றாள். பதினேழு நாள், நாலு நாடு, ஏழு நகரம். இன்று பதினோராம் நாள். திட்டத்தாளில் ‘பாரம்பரியச் சிலுவைத் திருவிழா, மதிய உணவு மாடியில்’ என்று போட்டிருந்தது.

முன்வரிசையில் எப்போதும் போல கிராசியேலா அம்மாள் உட்கார்ந்தாள். புவெனஸ் ஐரிஸ்காரி. முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அவளுக்குப் பின்னால் ஹாலந்துக்காரன் யோஸ்ட், முழங்கை நீளக் கேமராவோடு.

"நெலிதா, அடிதடி எத்தனை மணிக்கு?" என்றான் யோஸ்ட்.

"மணியெல்லாம் கிடையாது. சோளக்கள்ளு பாதிக் குடம் இறங்கினதும் ஆரம்பிக்கும்."

"யாராவது சாவாங்களா?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. செவெரோ எப்போதும் பள்ளத்தைத் தவிர்ப்பவன்.

"என்னப்பா கேள்வி இது?" என்றாள் கிராசியேலா. "உன் வீட்டுக் கல்யாணத்துல யாராவது வந்து இப்படிக் கேட்டா தெரியும்."

*

மாடியை நெலிதா இரண்டு மாதத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தாள். சதுக்கத்தைப் பார்த்த மாடிகள் மொத்தம் நாலு. ஒன்றில் மரம் உளுத்துவிட்டது. இன்னொன்றில் பன்னிரண்டு பேர் நின்றால் விழுந்துவிடும். மூன்றாவதில் கைப்பிடியே இல்லை. இதில் மட்டும்தான் இடுப்பளவு இரும்புக் கம்பி, பின்பக்கம் தெருவுக்கு இறங்க ஒரு படி. கலவரமாகிப் போலீஸ் புகைக்குண்டு வீசினால் ஆட்களை வெளியேற்ற வழி வேண்டும். அவள் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், படியை எண்ணிப் பார்த்தாள், சரி என்றாள்.

அது எந்த மூலை என்று பார்க்கவில்லை.

வழிகாட்டியாக யோசித்ததில் வந்த தப்பு. அந்த ஊரில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், சிலுவைத் திருவிழாவன்று சதுக்கத்தின் மேற்கு மூலை மேல்பாதிக்காரர்களுடையது, கிழக்கு மூலை கீழ்பாதிக்காரர்களுடையது. அன்றைக்கு எந்த மூலையில் நிற்கிறாயோ அந்தப் பக்கத்து ஆள் நீ. கீழ்பாதி மருமகள் நெலிதா, புருஷனின் தம்பி செத்த வருஷத் திவசம் வருவதற்குள், மேற்கு மூலை மாடியில் கொடியோடு நின்றாள்.

அவளுக்கு அது உறைக்கவில்லை. அவள் கண் சிப்ரியானைத் தேடிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு மேல்பாதி ஊர்வலம் மலைச்சரிவில் இறங்கியது. மூங்கில் குழல்கள், தாளத்துக்கு அடி வைத்து ஓட்டமும் நடையுமாக ஆண்கள், கைகோர்த்துப் பாடிக்கொண்டு பெண்கள். முன்னால் சிலுவை. அதற்குச் சின்னக் கம்பளிப் போர்வை போர்த்தியிருந்தார்கள். சிலுவையைத் தோளில் சுமந்து வந்தவன் சிப்ரியான்.

நெலிதா பின்படியில் இறங்கி ஓடினாள். கோயில் சுவர் ஓரம் அவனைப் பிடித்தாள்.

"அண்ணே, செவெரோ இசித்ரோவோட தொப்பியைக் கொண்டாந்திருக்கான்."

"கொண்டாராம இருப்பானா?" என்றான் சிப்ரியான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். "நானா இருந்தாலும் கொண்டாந்திருப்பேன்."

"குடிச்சிருக்கியா?"

"ஒரு சொட்டு இல்ல."

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அன்றைக்குக் குடிக்காதவன் ஊரிலேயே பாதிரியார் ஒருவர்தான். அவரும் மதியத்துக்கு மேல் சொல்ல முடியாது.

"சிலுவையைக் கூட வந்த மாமாகிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"ஊரு பாக்கும்."

"பாக்கட்டுமே."

அவன் கோயில் வாசலில் சிலுவையைச் சாத்தி வைத்தான். அப்போதுதான் அவள் அவன் கைகளைப் பார்த்தாள். சண்டைக்கு வருகிறவர்கள் விரல் மூட்டில் கம்பளிப்பட்டை சுற்றியிருப்பார்கள். தலையில் தோல் தொப்பி இருக்கும். அவனிடம் இரண்டும் இல்லை.

"கைப்பட்டை எங்க?"

"எதுக்கு? நான் கையைத் தூக்கப் போறதில்ல."

"என்னண்ணே சொல்ற?"

"அவன் அடிக்கட்டும் நெலி. எவ்வளவு வேணுமோ அடிச்சுக்கட்டும். ஒரு வருஷமா சோறு நெஞ்சுலயே நிக்குது. ரெண்டு அடி வாங்கினாத்தான் இறங்கும்."

"ரெண்டோட நிறுத்த மாட்டான். செத்துப்போவ."

"சரி," என்றான்.

கடைக்குப் போகும்போது உப்பு வாங்கி வா என்றால் சொல்வானே, அந்த மாதிரி ஒரு சரி.

*

மாடிக்குத் திரும்பியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒருவன் அடிப்பதை நிறுத்த மாட்டான். இன்னொருவன் அடியைத் தடுக்க மாட்டான். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

கீழே முதல் ஜோடி இறங்கிவிட்டது. சாட்டைக்காரர்கள் கூட்டத்தைத் தள்ளி இடம் பண்ணினார்கள். ஒருவன் விழுந்தால் நிறுத்த வேண்டும், கையில் கல் இருந்தால் தோலை உரிக்க வேண்டும், அதுதான் அவர்கள் வேலை. ஒருவன் மூக்கு ஒரே அடியில் ஒரு பக்கமாகத் திரும்பியது. கூட்டம் ஓவென்றது. அவன் மூக்கைப் பிடித்து நேராக்கிக்கொண்டு மறுபடி போனான்.

"ஐயோ," என்றாள் மாடியில் யாரோ.

"அக்கா!"

சதுக்கத்துக்கு நடுவிலிருந்து அந்தக் குரல் வந்தது. ஃபவுஸ்தா. இசித்ரோவின் மனைவி. நெலிதாவுக்கு ஓரகத்தி. ஒரு வருஷமாகக் கறுப்புச் சால்வையைக் கழற்றாதவள், இன்று அதைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தாள்.

"ஏ அக்கா! அங்க என்ன பண்ற?"

நெலிதா கம்பியில் கை வைத்து எட்டிப் பார்த்தாள்.

"சோறு எங்க வீட்டுல, நிக்கறது மேக்கு மூலையிலயா?" ஃபவுஸ்தா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "பாருங்க எங்க வீட்டு மருமகளை! கொடியைப் புடிச்சுக்கிட்டு வெள்ளைக்காரங்களை மேய்க்கறா. உங்க அண்ணன் இன்னைக்கு யாரைச் சாய்க்கப் போறான்னு காட்டக் கூட்டிட்டு வந்தியா?"

கிழக்கு மூலை சிரித்தது. நெலிதா அப்போதுதான் தான் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கம்பி சில்லிட்டது.

"ஃபவுஸ்தா, கம்பி பலமா இருக்கேன்னுதான்..."

"கம்பியா? என் புருஷன் விழுந்தப்ப எந்தக் கம்பி இருந்துச்சு?"

யாரும் சிரிக்கவில்லை.

"இறங்கி வா."

பெண்களும் இறங்குவது உண்டு. நெலிதாவும் பதினெட்டு வயதில் இறங்கியிருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால், மேல்பாதிக்காக. இப்போது போகாமல் இருந்துவிட்டால் இனி அவள் கீழ்பாதி வீட்டு வாசலை மிதிக்க முடியாது. செவெரோவோடு பேசவும் வழி இருக்காது.

கம்பெனி ஜாக்கெட்டைக் கழற்றினாள். கொடியைக் கிராசியேலாவிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா. யாரையும் கீழ விடாதீங்க."

"நீ எங்கடி கண்ணு போற?"

"என் ஓரகத்தி கூப்பிடறா."

*

முதல் அடி வாயில் விழுந்தது. உப்புக் கரித்தது.

நெலிதா கையைத் தொங்கவிட்டு நின்றாள். வேறு என்ன செய்வது? இவளுடைய புருஷனைத் தன் அண்ணன் கொன்றிருக்கிறான். இவளை எப்படி அடிப்பது?

இரண்டாவது அடி கண்ணுக்கு அடியில். மூன்றாவது காதில். காதுக்குள் குழல் சத்தம் நின்று, ஒரே ஒரு நீண்ட ஒலி மட்டும் கேட்டது.

"கையைத் தூக்குடி!" என்று கத்தினாள் ஃபவுஸ்தா. "நான் என்ன சுவத்தையா அடிக்கறேன்?"

நாலாவது அடி வயிற்றில். நெலிதா மடிந்தாள். ஃபவுஸ்தா பின்னலைப் பிடித்து நிமிர்த்தி மறுபடி அடித்தாள். நெலிதா அவள் கண்ணைப் பார்த்தாள். பத்து அடிக்குப் பிறகு ஓய்ந்துவிடும் என்று நினைத்த கோபம் அங்கே ஏறிக்கொண்டே இருந்தது. மூடி போட்ட பானை. வெளியே போக வழியில்லாத ஒவ்வோர் அடியும் திரும்பிப்போய் உள்ளேயே சேர்ந்தது.

"அடிடி! நீயும் என்னை விட்டுட்டுப் போறியா? அடி!"

நெலிதா அடித்தாள்.

யோசித்து அடிக்கவில்லை. கை தானாகப் போயிற்று. ஃபவுஸ்தாவின் உதடு கிழிந்தது. அவள் தள்ளாடி, நின்று, ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். அவளுடைய மூச்சு மாறியது. மூழ்கி மேலே வந்தவள் விடுகிற மூச்சு அது.

"அப்படி வா," என்றாள்.

அதன்பிறகு ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். மயிரைப் பிடித்தார்கள், முட்டியால் இடித்தார்கள். நெலிதாவின் விலாவில் ஏதோ ஒன்று ‘டக்’கென்றது. ஃபவுஸ்தாவின் புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. குருட்டுத்தனமாக வீசினாள். நெலிதா அவள் கழுத்தை வளைத்துக் கீழே தள்ளி, தானும் விழுந்தாள். சாட்டை காதருகே சொடுக்கியது. யாரோ இழுத்துப் பிரித்தார்கள்.

ஃபவுஸ்தா மண்ணில் உட்கார்ந்தபடியே அழுதாள். சாவு வீட்டில் அழாதவள் என்று ஊரே பேசியது அவளைப் பற்றித்தான். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வாயைத் திறந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்திலிருந்த சுரைக்குடுவையை எடுத்து நெலிதா பக்கம் நகர்த்தினாள்.

"இந்தா. வாயைக் கொப்புளி. பாக்க சகிக்கல."

"உனக்கு மட்டும் அழகா இருக்கோ?"

"போடி."

சோளக்கள் உதட்டில் பட்டு எரிந்தது. நெலிதா துப்பினாள். எதிரே கூட்டம் திடீரென்று விலகியது. பெண்களின் பாட்டு நின்றது.

பள்ளம் விழுந்த தொப்பியோடு செவெரோ நடுவில் வந்து நின்றான். மேற்கு மூலையிலிருந்து சிப்ரியான் வெறுந்தலையோடு வந்தான்.

*

முதல் அடியிலேயே சிப்ரியான் விழுந்தான். சாட்டைக்காரன் நடுவில் வந்தான். விழுந்தால் முடிந்தது, அதுதான் முறை. ஆனால் சிப்ரியான் எழுந்து, நடந்து வந்து, அதே இடத்தில் நின்றான். கை தொங்கியது. நிற்கிறவனை எப்படி நிறுத்துவது? சாட்டைக்காரன் விலகிக்கொண்டான்.

இரண்டாவது அடியில் கன்னம் கிழிந்தது. விழுந்தான். எழுந்து வந்தான்.

"தூக்குடா கையை!" என்றான் செவெரோ.

மூன்றாவது. நாலாவது. செவெரோவின் மூட்டுப்பட்டை சிவந்து, அப்புறம் கறுத்தது. ஒவ்வோர் அடிக்கும் சிப்ரியானின் தலை பின்னால் போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது.

"தூக்குடா! என் தம்பி தூக்கினான் இல்ல? தூக்கு!"

சிப்ரியான் ஏதோ சொன்னான். ரத்தம்தான் வந்தது.

செவெரோ இடது கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். இனி அவன் விழ முடியாது. விழாதவரை யாரும் நிறுத்த மாட்டார்கள். வலது கை போயிற்று, வந்தது. செவெரோவின் முகத்தில் கோபமே இல்லை. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றும்போது ஒவ்வொரு மரையாகக் கவனமாகத் திருகுவானே, அந்த முகம்.

நெலிதாவுக்கு அந்த முகம் தெரியும். வேலை முடியாமல் அவன் நிமிர மாட்டான்.

எழுந்தாள். விலா குத்தியது. கைகோர்த்து நின்ற கீழ்பாதிப் பெண்களைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள்.

"அண்ணே! கையைத் தூக்கு!"

யாரோ அவள் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள்.

"கையைத் தூக்கு, அண்ணே! அடி! அவனை அடி!"

கீழ்பாதி மருமகள், கீழ்பாதி வரிசையில் நின்றுகொண்டு, தன் புருஷனை அடிக்கச் சொல்கிறாள். அவள் முதுகில் இரண்டு மூன்று குத்து விழுந்தது. அவள் நிறுத்தவில்லை.

"நீ நின்னா அவனால நிறுத்த முடியாது! உனக்காக இல்ல, அவனுக்காக அடி! அவனைக் கொலைகாரனா ஆக்கிட்டுப் போயிடாதே!"

சிப்ரியானின் ஒரு கண் மூடியிருந்தது. திறந்திருந்த கண் அவளைத் தேடிப் பிடித்தது. அவன் தோள் அசைந்தது.

அந்த அடி செவெரோவின் தாடையில் கீழிருந்து ஏறியது. நாடா அறுந்து தொப்பி பறந்தது. செவெரோ சட்டையை விட்டான். இரண்டடி பின்னால் போனான். தலையை உலுக்கிக்கொண்டான். அவன் முகத்தில் ஒரு வருஷத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று வந்தது. உறுமிக்கொண்டு பாய்ந்தான்.

இப்போது இரண்டு பேர் சண்டை போட்டார்கள். சிப்ரியான் அழுதுகொண்டே அடித்தான். செவெரோவின் புருவம் போயிற்று, மூக்கு போயிற்று. சிப்ரியான் அவன் காதைப் பிடித்து முட்டினான். செவெரோ அவன் விலாவில் மூன்று குத்து இறக்கினான். கடைசியில் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, அடிக்கவும் தெம்பில்லாமல், விடவும் மனமில்லாமல் சேர்ந்தே சாய்ந்தார்கள். சாட்டை நாலு தடவை இறங்கியது. முறைப்படி முடிந்தது.

முறை அத்தோடு தீர்ந்தும் போயிற்று. மேற்கு மூலையிலிருந்து முதல் கல் வந்தது. கிழக்கிலிருந்து இருபது போயிற்று. போலீஸ்காரர்கள் புகைக்குண்டைச் சுட்டார்கள். நெலிதா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்படிக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது புகைக்குள் சிப்ரியான் தெரியவில்லை.

மாடியில் எல்லோரும் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யோஸ்ட் வாந்தி எடுத்திருந்தான். கிராசியேலா மட்டும் நின்றுகொண்டிருந்தாள், கையில் மஞ்சள் கொடி.

"பன்னெண்டு பேரும் இருக்கோம்," என்றாள். "எண்ணிட்டேன். நீ முதல்ல உக்காரு, அந்தக் கண்ணைப் பாக்கறேன்."

*

செவெரோ சொன்ன சொல் தவறாதவன். நாலு மணிக்குப் பஸ் வந்து நின்றது.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயணிகள் ஓசையில்லாமல் ஏறினார்கள். கிராசியேலா பஞ்சை நீட்டினாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். பஸ் ஊரைத் தாண்டியது. காய்ந்த புல், சில ஆடுகள், நீளமான நிழல்கள்.

"நீ கத்தினது கேட்டுச்சு," என்றான் செவெரோ.

"கேக்கணும்னுதான் கத்தினேன்."

"அவன் அடிக்கணும்னு கத்தினதைச் சொல்லல. அது பரவாயில்ல. உன் அண்ணன்." கியரை மாற்றினான். "கொலைகாரனா ஆக்கிடாதேன்னு சொன்னியே. அதைச் சொல்றேன்."

நெலிதா மடியிலிருந்த மஞ்சள் கொடியைச் சுருட்டினாள்.

"நான் நிறுத்தியிருப்பேன்."

"செவெரோ..."

"நிறுத்தியிருப்பேன். இன்னும் ஒண்ணு, ரெண்டு. அதோட விட்டிருப்பேன். பத்து வருஷம் என்கூட இருந்திருக்க. என் மூஞ்சியைப் பாத்து, இவன் கொல்லுவான்னு தோணிச்சு உனக்கு. ஊரு முன்னாடி சொன்ன. பத்து வருஷம் நீ யார் பக்கத்துல படுத்திருந்ததா நெனச்ச?"

அவளால் பொய் சொல்ல முடிந்திருக்கும். வாய் வீங்கியிருந்ததால் தாமதமாயிற்று. அந்தத் தாமதம் அவனுக்குப் போதுமான பதிலாகிவிட்டது.

சாலை பிரியும் இடத்தில் பஸ்ஸை நிறுத்தினான். வலது பக்கம் பொத்தோசி நகரம். இடது பக்கம் கீழ்பாதி ஊர்கள், அவன் அம்மாவின் வீடு. எஞ்சினை அணைக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினான். ரோட்டில் போகாமல், ஓடைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

நெலிதா ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது.

"உனக்கு ஓட்டத் தெரியுமா மகளே?" என்றாள் கிராசியேலா.

"தெரியும்."

"ஒரு கண்ணுதான் திறந்திருக்கு."

"ரோடும் ஒண்ணுதானே."

யாரோ கதவைத் தட்டினார்கள். ஃபவுஸ்தா. முகம் கழுவி, தலை வாரி, கையில் ஒரு மூட்டையோடு நின்றாள். ஏறி வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள்.

"பொத்தோசிதானே போற? பல்லைக் காட்டணும். பக்கத்துப் பல்லும் ஆடுது, உன் புண்ணியத்துல." அப்புறம்தான் ஓட்டுநர் இருக்கையில் நெலிதா இருப்பதைக் கவனித்தாள். "மாமா எங்க?"

"அத்தை வீட்டுக்குப் போறான். ஓடை வழியா."

ஃபவுஸ்தாவின் முகம் மாறியது.

"இப்பவா?"

"ஏன்?"

"உங்க அண்ணன் அங்கதான் இருக்கான். நான் கிளம்பும்போது வந்தான். முற்றத்துல முட்டி போட்டு உக்காந்திருக்கான், அத்தை கையால ஒரு அடி வாங்காம எழுந்திருக்க மாட்டேங்கறான். அத்தை கதவைத் திறக்கல. சேதி தெரிஞ்சு எங்க ஆளுங்க வீட்டுக்குக் கீழ பாலத்துகிட்ட சேந்துக்கிட்டிருக்காங்க. கையில கல்லு." மூச்சு விட்டாள். "நான் மாமா பஸ்ஸோட பொத்தோசி போயிடும்னு நெனச்சேன் அக்கா. மாமா இல்லாம இருந்தா பெருசுங்க யாராவது சொல்லிக் கலைச்சுடலாம். மாமா போய் நின்னா, அது சொல்றதுதான் நடக்கும்."

முற்றத்தில் சாட்டைக்காரன் கிடையாது. விழுந்தால் நிறுத்து என்று சொல்ல ஆள் கிடையாது. செவெரோ கையைத் தூக்கி அவர்களைத் தடுக்கலாம். தூக்காமலும் இருக்கலாம். நான் நிறுத்தியிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன்.

நம்பினால் வலது பக்கம் போக வேண்டும். இடது பக்கம் போனால் அவன் பஸ் வருவதைப் பார்ப்பான். ஏன் வருகிறாள் என்று அவனுக்குப் புரியும். இரண்டாவது தடவையும் அவனை நம்பவில்லை என்று அர்த்தம்.

நெலிதா பின்னால் திரும்பினாள். பன்னிரண்டு முகங்கள்.

"திட்டத்துல இல்லாத இடம் ஒண்ணு போறோம். யாருக்காவது இறங்கணும்னா இப்பவே இறங்கிக்கலாம். பின்னாடி வர்ற லாரி பொத்தோசி கொண்டு விடும்."

காற்று பஸ்ஸை லேசாக ஆட்டியது. ஒருவரும் எழவில்லை. யோஸ்ட் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"போ," என்றாள் கிராசியேலா.

நெலிதா இடது பக்கம் திருப்பினாள். ஸ்டீயரிங் விரல்களில் ஒட்டியது. செவெரோவின் ரத்தம் இன்னும் காயவில்லை.